பல் நிற அடைப்புக்குப் புதிய பிசின்: வாசகர் கேள்வி–பதில்

பற்சொத்தை பற்றிய கட்டுரைக்குப் பிறகு, அடைப்புப் பொருளைக் குறித்தே அதிகம் பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். பிசின் வேதியியலும் பல் மருத்துவமும் தெரிந்த எங்கள் குழுவினர் சில கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறார்கள். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊரும் தொழிலும் மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

கேள்வி: எனக்கு முன்பு போட்ட வெள்ளிநிற அடைப்பு பல வருடம் தாங்கியது. பிறகு பல் நிறத்தில் போட்டது சீக்கிரமே ஓரத்தில் கறுத்துவிட்டது. இத்தனை காலத்தில் நல்ல பிசின் ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லையா?
— ஓய்வுபெற்ற தொழில்நுட்பர், அங் மோ கியோ

இன்று விற்கும் பல் நிற அடைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை, அமெரிக்காவின் ராஃபேல் போவன் 1962-இல் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ என்ற மூலக்கூறும் அதன் உறவுகளும்தான். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அதை முழுதாக ஓரங்கட்ட முடியவில்லை. காரணம், அது உண்மையிலேயே நல்ல மூலக்கூறு. பெரியது, விறைப்பானது, எளிதில் ஆவியாகாதது, தன் அளவுக்குக் குறைவாகவே சுருங்குவது.

அதன் பெரிய குறை பாகுத்தன்மை. 25 டிகிரி செல்சியஸில் அது ஏறத்தாழ 1000 பாஸ்கல்-நொடி. தேனைப் போல நூறு மடங்கு கெட்டி. அடைப்புக்கு வலுத் தருவது பிசினில் கலக்கும் கண்ணாடித் தூள்; இவ்வளவு கெட்டியான பிசினில் அதை 70, 75 விழுக்காடு பிசைய முடியாது. அதனால் டெக்டிஎம்ஏ என்ற மெல்லிய மூலக்கூறைக் கலக்கிறார்கள். அதன் பாகுத்தன்மை சுமார் 0.01 பாஸ்கல்-நொடிதான். கலவை இளகும், கூடவே சுருக்கமும் நீர் உறிஞ்சலும் ஏறும். புதிய பிசின் தேடும் எல்லா ஆய்வும் இந்த இழுபறியிலிருந்தே தொடங்குகிறது.

ஓரம் கறுப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. விளக்கின் நீல ஒளி பட்டுப் பிசின் இறுகும்போது சுருங்கிப் பல் சுவரை இழுக்கிறது. ஒட்டுப்படலம் விட்டுக்கொடுத்தால் நுண்ணிய இடைவெளி விழும். உமிழ்நீரும் நுண்ணுயிரும் அதற்குள் போகின்றன. உமிழ்நீரில் இருக்கும் எஸ்டரேஸ் நொதிகளும், சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் விடும் நொதிகளும் பிசினின் எஸ்டர் பிணைப்புகளை மெல்ல அறுக்கின்றன. இவற்றோடு, அடைக்கும்போது பல் எவ்வளவு உலர்ந்திருந்தது, உங்களுக்குச் சொத்தை வரும் தன்மை எவ்வளவு என்பவையும் சேரும். ஓரத்தில் வெறும் கறை மட்டும் இருந்தால் அது எப்போதும் சொத்தை ஆகாது. அகற்றி மறுபடி போடச் சொல்வதற்கு முன் மெருகேற்றிப் பார்க்கலாமா என்று உங்கள் பல் மருத்துவரைக் கேளுங்கள்.

உங்கள் பழைய வெள்ளிநிற அடைப்பான பாதரசக் கலவைக்குத் திரும்பிப் போகலாமே என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல் மிகச் சில விதிவிலக்குகள் தவிர அதை நிறுத்திவிட்டது. பிசினைச் சரிசெய்வதுதான் வழி.

கேள்வி: சுருங்காத பிசின் செய்யவே முடியாதா? பாலிமராகும்போது ஏன் சுருங்க வேண்டும்?
— தொடக்கக்கல்லூரி மாணவி, பாசிர் ரிஸ்

தனித்தனியாகத் திரியும் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும். வேதிப்பிணைப்பு ஏற்பட்டதும் அந்தத் தூரம் குறைந்துவிடுகிறது. பிஸ்-ஜிஎம்ஏ, டெக்டிஎம்ஏ இரண்டும் சேர்ந்த மெத்தாக்ரிலேட் வகையில் இதை எண்ணால் சொல்லலாம்: ஒரு மோல் இரட்டைப் பிணைப்பு வினைபுரிந்தால் கனஅளவு ஏறத்தாழ 22.5 கன சென்டிமீட்டர் குறையும். எந்த மெத்தாக்ரிலேட்டாக இருந்தாலும் இந்த எண் அதிகம் மாறாது.

இதைக் கொண்டு நீங்களே கணக்குப் போடுங்கள். டெக்டிஎம்ஏ-யின் மூலக்கூறு எடை 286, அடர்த்தி சுமார் 1.09. ஒரு மோலின் கனஅளவு 263 கன செ.மீ. அதில் இரண்டு இரட்டைப் பிணைப்பு. ஒன்றின் பங்கு 131. எல்லாம் வினைபுரிந்தால் 22.5-ஐ 131-ஆல் வகுத்தால் 17 விழுக்காடு. நடைமுறையில் முக்கால்வாசி வினைபுரிந்தால் சுமார் 13. பிஸ்-ஜிஎம்ஏ-க்கு எடை 512, அடர்த்தி சுமார் 1.16, முழு வினைக்கு 10 விழுக்காடு வரும். அது பாதியளவில் உறைந்து நின்றுவிடுவதால் 5 விழுக்காட்டை ஒட்டி முடிகிறது. கண்ணாடித் தூள் சேர்ந்த பிறகு அடைப்பின் மொத்தச் சுருக்கம் பொதுவாக 2 முதல் 3.5 விழுக்காடு.

ஆகவே சுருக்கத்தைத் தீர்மானிப்பவை இரண்டே: ஒரு கன அளவில் எத்தனை இரட்டைப் பிணைப்பு, அதில் எத்தனை வினைபுரிந்தது. இரண்டாவதைக் குறைத்தும் "சுருக்கம் குறைந்த பிசின்" என்று பெயர் வாங்கலாம். அது ஏமாற்று. வினைபுரியாத மூலக்கூறு வாய்க்குள் கசியும், அடைப்பும் மென்மையாகிவிடும். இரட்டைப் பிணைப்பு மாற்ற விகிதத்தைச் சொல்லாமல் சுருக்க எண்ணை மட்டும் சொல்லும் எந்த அறிக்கையையும் நம்பாதீர்கள்.

நேர்மையான வழிகள் சில உண்டு. மூலக்கூறைப் பெரிதாக்குவது ஒன்று. ஜிசி நிறுவனத்தின் கலோர் அடைப்பில் வரும் டூபாண்ட் மூலக்கூறின் எடை 895. இன்னொன்று, வளையம் திறந்து இணையும் வேதியியல். 3எம் நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த சைலோரேன் அடைப்பில் ஆக்சிரேன் வளையங்கள் திறந்து விரிவதால் சுருக்கம் 1 விழுக்காட்டுக்குக் கீழ் வந்தது. அதற்குத் தனி ஒட்டுப்பசை வேண்டியிருந்தது. மருத்துவர் கையிலிருந்த மெத்தாக்ரிலேட் பசைகளோடு சேரவில்லை. அருமையான வேதியியலாக இருந்தும் சந்தையில் நிலைக்கவில்லை. மூன்றாவது வழி, சுருங்கினாலும் இழுவிசை தேங்காமல் பார்த்துக்கொள்வது. வலைப்பின்னலில் சில இணைப்புகள் இழுவிசை ஏறும்போது அறுந்து, வேறிடத்தில் மறுபடி சேரும்படி மூலக்கூறை வடிவமைக்கிறார்கள். எங்களுக்கு அதிக நம்பிக்கை தருவது இதுதான். பழைய பசை, பழைய விளக்கு, பழைய கைப்பழக்கம் எதையும் மாற்றச் சொல்லாமல் இது உள்ளே நுழைந்துவிடுகிறது.

கேள்வி: எங்கள் இறுதியாண்டுத் திட்டத்தில் யூரித்தேன் டைமெத்தாக்ரிலேட் வகையில் புதிய மூலக்கூறு ஒன்றைச் செய்து, அதை வழக்கமான கலவையோடு ஒப்பிட வேண்டும். எங்கே தவறு நேரும் என்று முன்கூட்டியே சொல்வீர்களா?
— பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் இருவர்

முதல் தவறு சிங்கப்பூரின் ஈரப்பதத்திலேயே தொடங்கும். யூரித்தேனுக்கு ஐசோசயனேட் வேண்டும். அது நீரைக் கண்டால் விடாது. ஒரு மோல் நீர் இரண்டு ஐசோசயனேட் தொகுதிகளை விழுங்கி யூரியாவும் கரியமில வாயுவும் தரும். வழக்கமான டிஎம்டிஐ என்ற டைஐசோசயனேட்டில் 1 கிராம் நீர் 11.7 கிராமை வீணாக்கும். ஐசோசயனேட்டோடு இணைய வேண்டிய ஹீமா என்ற சிறிய மெத்தாக்ரிலேட்டை மூலக்கூறுச் சல்லடை மணிகளில் ஓரிரவு உலர்த்துங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த புட்டியை அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்க வேண்டாம். திறந்தால் உள்சுவரில் உடனே ஈரம் படியும். டிஎம்டிஐ ஒரு மோலுக்கு (210 கிராம்) ஹீமா இரண்டு மோல் (260 கிராம்) என்பது வழக்கமான யூரித்தேன் டைமெத்தாக்ரிலேட்டான யூடிஎம்ஏ-யின் அளவு. உங்கள் புதிய மூலக்கூறுக்கும் இதே போல மோல் கணக்கில் தொடங்குங்கள். தகரம் அடங்கிய டைபியூட்டைல்டின் டைலாரேட் வினையூக்கி 0.05 விழுக்காடு போதும். 40–50 டிகிரியில் வைத்து, அகச்சிவப்பு நிறமாலையில் 2270 அலையெண்ணில் தெரியும் ஐசோசயனேட் முகடு மறையும்வரை ஓட்டுங்கள். ஐசோசயனேட் மூச்சுக்குழலை ஒவ்வாமைக்கு ஆளாக்கும். புகையுறிஞ்சிக்கு வெளியே புட்டியைத் திறக்கவே கூடாது.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று: நீர் புகாமலிருக்க நைட்ரஜனை ஓட்டுவார்கள், கலவை குடுவைக்குள்ளேயே கட்டியாகிவிடும். பிசின் தானாக இறுகாமல் காக்கும் எம்இஹெச்க்யூ போன்ற தடுப்பிகள் வேலைசெய்யக் கரைந்த ஆக்சிஜன் தேவை. உலர்த்திய காற்றை ஓட்டுங்கள்.

ஒப்பிடுவதற்கான அடிப்படைப் பிசினை 10 கிராம் அளவில் செய்யலாம்: பிஸ்-ஜிஎம்ஏ 6 கிராம், டெக்டிஎம்ஏ 4 கிராம், ஒளித்தூண்டியான கேம்ஃபர்குயினோன் 20 மில்லிகிராம், அதற்குத் துணையான எத்தில் டைமெத்திலமினோபென்சோயேட் 80 மில்லிகிராம், தடுப்பியான பிஹெச்டி 5 மில்லிகிராம். தூள்களை முதலில் மெல்லிய டெக்டிஎம்ஏ-யில் கரையுங்கள். பிஸ்-ஜிஎம்ஏ-யில் போட்டால் நாள் முழுக்கக் கிளறினாலும் கரையாது. பிஸ்-ஜிஎம்ஏ-யை 50 டிகிரியில் சூடாக்கி ஊற்றி, ஆரஞ்சு விளக்கின் கீழ் ஓரிரவு கிளற வேண்டும். உங்கள் மூலக்கூறை முதலில் பிஸ்-ஜிஎம்ஏ-க்குப் பதிலாக மட்டும் மாற்றுங்கள். பிஸ்-ஜிஎம்ஏ, டெக்டிஎம்ஏ இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் வித்தியாசம் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கண்ணாடித் தூளைப் பிசினோடு பிணைக்கும் சைலேனை எவ்வளவு பூசுவது என்பதையும் ஊகத்தில் வைக்காதீர்கள். மெத்தாக்ரிலாக்ஸிபுரோபில் ட்ரைமெத்தாக்ஸிசைலேன் 1 கிராம் ஏறத்தாழ 314 சதுர மீட்டர் பரப்பை மூடும். 10 கிராம் தூளின் பரப்பு கிராமுக்கு 5 சதுர மீட்டர் என்றால் 50-ஐ 314-ஆல் வகுத்தால் 0.16 கிராம். அதே 10 கிராம், கிராமுக்கு 50 சதுர மீட்டர் உள்ள நுண்சிலிக்காவாக இருந்தால் 1.6 கிராம். குறைந்தால் தூளும் பிசினும் ஒட்டாமல் வலிமை விழும். கூடினால் ஒட்டாத சைலேன் அடுக்கு நடுவில் நின்று நீரை உறிஞ்சும். பேரியம் கண்ணாடிக்கு அமிலக் கரைசல் வேண்டாம். அமிலம் கண்ணாடியிலிருந்து பேரியத்தைக் கரைத்தெடுக்கும். சைக்ளோஹெக்சேனில் சிறிது புரோபைலமின் வினையூக்கியோடு பூசுவது நல்லது.

பிசின் 3 கிராமுக்குத் தூள் 7 கிராம். நாலைந்து தவணையாகச் சேருங்கள். சுழல்கலப்பியில் நீண்ட நேரம் ஓட்டினால் சூடேறிக் கிண்ணத்திலேயே இறுகத் தொடங்கும். அரை நிமிடம் ஓட்டி ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கடைசிச் சுற்று வெற்றிடத்தில் இருக்கட்டும். குமிழி இருந்தால் முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். குமிழியின் உள்சுவரில் ஆக்சிஜன் இறுகலைத் தடுத்து ஒட்டும் படலத்தையும் விட்டுவைக்கும்.

சோதனைக்கு, பிசின் அடைப்புகளுக்கான பன்னாட்டுத் தரநிலை ஐஎஸ்ஓ 4049. வளைவு வலிமைக்கு 25 மி.மீ நீளம், 2 மி.மீ அகலம், 2 மி.மீ தடிமன் உள்ள கம்பிகள். விளக்கின் முனை சிறியது என்பதால் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி நகர்த்தி நகர்த்தி ஒளி காட்ட வேண்டும். இடைவெளி விட்டால் கம்பி அங்கேதான் முறியும். 37 டிகிரி நீரில் 24 மணி நேரம் வைத்து, 20 மி.மீ இடைவெளியில் தாங்கி, நிமிடத்துக்கு 0.75 மி.மீ வேகத்தில் அழுத்துங்கள். கடைவாய்ப் பல்லின் கடிக்கும் பரப்புக்கு 80 மெகாபாஸ்கல் வேண்டும். அந்த அளவுக் கம்பிக்கு இது வெறும் 21 நியூட்டன் விசை. ஆகவே 5 கிலோநியூட்டன் விசை உணரியில் போட்டுவிட்டு எண் தள்ளாடுகிறதே என்று திகைக்க வேண்டாம். சிறிய உணரியை மாட்டுங்கள்.

நீர் உறிஞ்சலுக்கு 15 மி.மீ விட்டம், 1 மி.மீ தடிமன் வட்டுகள். உறிஞ்சல் கன மில்லிமீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்குள், கரைதல் 7.5-க்குள் இருக்க வேண்டும். வட்டின் கனஅளவு 177 கன மி.மீ, அதாவது கரைதலின் வரம்பே 1.3 மில்லிகிராம்தான். 1 மில்லிகிராம் மட்டும் காட்டும் தராசு இதற்கு உதவாது. உலர்கலத்திலிருந்து எடுத்த வட்டு நம் ஊர்க் காற்றில் நிற்க நிற்க எடை ஏறும். ஒவ்வொன்றாக எடுத்து உடனே நிறுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தால் அன்றைய எடைகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இரட்டைப் பிணைப்பு மாற்றத்தை அகச்சிவப்பில் அளக்கும்போது 1637 அலையெண்ணின் முகட்டை 1608-இல் வரும் பென்சீன் வளைய முகட்டோடு ஒப்பிடுவது வழக்கம். உங்கள் யூரித்தேனில் பென்சீன் வளையம் இல்லையென்றால் அந்த ஒப்பீடு பொய் சொல்லும். அண்மை அகச்சிவப்பில் 6165 முகட்டை, ஒளி காட்டுவதற்கு முன்னும் பின்னும் அதே வட்டில் அளந்தால் ஒப்பீட்டு முகடே தேவையில்லை.

கேள்வி: என் ஆறு வயது மகனுக்குப் பல் நிற அடைப்பு போட்டார்கள். அதில் பிஸ்ஃபீனால்-ஏ இருக்கிறதாமே?
— இல்லத்தரசி, தெம்பனிஸ்

ஹார்மோன்களைக் குழப்பலாம் என்று அஞ்சப்படும் பிஸ்ஃபீனால்-ஏ, பிஸ்-ஜிஎம்ஏ செய்யும்போது தொடக்கப் பொருளாகும். முடிந்த பிசினில் அது சேர்க்கப்படுவதில்லை, மாசாக மிகச் சிறிய அளவில் தங்கலாம். பிஸ்-ஜிஎம்ஏ-க்குள் அது ஈதர் பிணைப்பால் பிடிபட்டிருப்பதால் உமிழ்நீர் நொதி அதைப் பிரித்தெடுக்காது. பிஸ்-டிஎம்ஏ என்ற வேறொரு மூலக்கூறில் எஸ்டர் பிணைப்பு என்பதால் பிரியும். அது இருக்கும் பொருளைத் தவிர்க்கச் சொல்லலாம். போட்ட முதல் நாளில்தான் கசிவு அதிகம். ஒளி காட்டி முடித்ததும் மேற்பரப்பின் ஒட்டும் படலத்தைத் துடைத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொன்னால் அதில் பெரும்பகுதி போய்விடும். பிஸ்ஃபீனால் அடிப்படையே இல்லாத அடைப்புகளும் விற்பனையில் உள்ளன. மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். போட்டு முடிந்த நல்ல அடைப்பை இந்தக் காரணத்துக்காகத் தோண்டி எடுக்காதீர்கள். தோண்டும்போது பறக்கும் தூளில்தான் வெளிப்பாடு கூடும்.

கேள்வி: புதிதாக வந்த அடைப்புப் பசைக்குழல்கள் சில நேரம் வெளிவரும்போதே கட்டியாக இருக்கின்றன. எங்கள் பழைய விளக்கில் சில வெளிர் நிறங்கள் சரியாக இறுகுவதுமில்லை. கைவிரலில் அரிப்பும் வருகிறது.
— பல் மருத்துவ உதவியாளர், சிராங்கூன்

கட்டிக்குக் காரணம் பெரும்பாலும் மேலே எரியும் விளக்கு. நாற்காலி விளக்கின் கீழ் எடுத்து வைத்த பசை ஒரு நிமிடம் தாங்குமா என்பதைத்தான் தரநிலையே சோதிக்கிறது. மூன்று நான்கு நிமிடம் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எடுத்ததும் ஆரஞ்சு மூடியால் மூடுங்கள். குளிர்பெட்டியில் வைப்பவர்கள் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவையுங்கள்.

விளக்கு விஷயம், ஒளி பட்டதும் இறுகலைத் தொடங்கிவைக்கும் ஒளித்தூண்டியைப் பொறுத்தது. கேம்ஃபர்குயினோன் 470 நானோமீட்டர் நீல ஒளியைப் பிடிக்கும்; அதற்குச் சொந்த மஞ்சள் நிறம் உண்டு. வெளுப்பூட்டிய பற்களுக்கான வெளிர் நிறங்களில் அந்த மஞ்சளைத் தவிர்க்க டிபிஓ போன்ற வேறு ஒளித்தூண்டிகளைச் சேர்ப்பார்கள். அது ஊதாப் பக்கம், 420-க்குக் கீழேதான் வேலை செய்யும். ஒற்றை நீல முகடு கொண்ட விளக்கு அதை எழுப்பாது. மேலே மட்டும் தோல் போல இறுகி அடியில் பசையாகவே இருக்கும். இரண்டு முகடு உள்ள விளக்கு வாங்குவதே தீர்வு. ஐரோப்பாவில் டிபிஓ இனப்பெருக்க நலத்துக்குக் கேடு என வகைப்படுத்தப்பட்டு, 2025 செப்டம்பர் முதல் அழகுப் பொருள்களில் தடைசெய்யப்பட்டுவிட்டது. பல் பொருள்களுக்குச் சட்டம் வேறு என்றாலும், புதிய பிசின் செய்வோர் ஜெர்மேனியம் அடங்கிய தூண்டிகள் பக்கம் திரும்ப இதுவும் ஒரு காரணம்.

அரிப்பை அலட்சியம் செய்யாதீர்கள், அம்மா. ஹீமா போன்ற சிறிய மூலக்கூறுகள் லேட்டக்ஸ், நைட்ரைல் கையுறைகளைச் சில நிமிடங்களில் ஊடுருவும். பசை பட்ட கையுறையைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடரக் கூடாது. உடனே கழற்றி, கை கழுவி, புதிது மாட்ட வேண்டும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்க நீடிக்கும். தோல் மருத்துவரிடம் ஒட்டுச்சோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எஸ்டர் பிணைப்புதான் பலவீனம் என்றால் எஸ்டரே இல்லாத பிசின் செய்யலாமே? கிருமிகளைக் கொல்லும் பிசின் என்கிறார்களே, அது எந்த அளவுக்கு?
— வேதியியல் ஆசிரியர், ஈசூன்

செய்கிறார்கள். எஸ்டர் இடத்தில் அமைடு வைத்த மெத்தாக்ரிலமைடுகளை நீரும் நொதியும் எளிதில் அறுக்க முடியாது. விலை வேறிடத்தில் கொடுக்க வேண்டும்: அமைடு நீரை விரும்பும், உறிஞ்சல் கூடும், வினையும் மெதுவாகும். அதனால் முதலில் பல்லின் ஈரத்தோடு வேலைசெய்யும் ஒட்டுப்பசைகளில்தான் இவை பொருந்துகின்றன. கந்தகம் அடங்கிய தயால் தொகுதி இரட்டைப் பிணைப்போடு இணையும் தயால்–ஈன் முறையில் இறுகும் பிசின்களில் கூழ்நிலை தாமதமாக வருவதால் இழுவிசை குறைகிறது. ஆனால் விறைப்பு போதாது, தயாலின் நாற்றமும் புட்டியில் கெட்டுப்போவதும் தொல்லை.

இந்த வகைப் பிசின்களை வழக்கமான 24 மணி நேரச் சோதனையில் வைத்தால் பழைய பிஸ்-ஜிஎம்ஏ-யே வெல்லும். அவற்றின் பலம் ஆறு மாதம், ஒரு வருடம் நீரிலும் நொதியிலும் ஊறிய பிறகுதான் தெரியும். முதல் நாள் எண்ணைப் பார்த்து நல்ல மூலக்கூறைத் தூக்கிப்போடுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் இழப்பு.

கிருமியெதிர்ப்பில் எம்டிபிபி என்ற நான்குபடி அம்மோனியம் மூலக்கூறு ஜப்பானில் உருவாகி, குராரே நிறுவனத்தின் ஒட்டுப்பசை ஒன்றில் விற்பனைக்கே வந்தது. அது பாலிமரோடு பிணைந்து நிற்பதால் கரைந்து தீராது. அதே காரணத்தால் தன்னைத் தொடும் கிருமியை மட்டுமே தாக்கும். உமிழ்நீர்ப் புரதம் மேலே படிந்துவிட்டால் வேகம் தணியும். சோதனைக்குழாயில் சுத்தமான வட்டில் கிடைத்த முடிவை வாய்க்குப் பொருத்துவதற்கு முன், உமிழ்நீர் பூசிய வட்டிலும் அதே முடிவு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: இங்கே இப்படி ஒரு பொருளை உருவாக்கினால் விற்க என்ன அனுமதி வேண்டும்?
— சிறுதொழில் நடத்துபவர், ஜூரோங்

அடைப்புப் பொருள் மருத்துவச் சாதனம். சுகாதார அறிவியல் ஆணையத்தில் பதிவு வேண்டும். ஆபத்து ஏற ஏற வகுப்பும் பி, சி, டி என ஏறும். உடலில் நீண்ட நாள் தங்கும் சாதனங்கள் பொதுவாக சி வகுப்பு. பல்லுக்குள் வைக்கப்படுபவை பி வகுப்பில் வரும். உங்கள் பிசினில் மருந்தாகக் கருதத்தக்க பொருள் சேர்ந்து, அது சாதனத்தின் வேலைக்குத் துணைபுரிகிறது என்றால் டி வகுப்புக்கே போய்விடலாம். கிருமியெதிர்ப்பு என்று உறையில் அச்சிடுவதற்கு முன் ஆணையத்திடம் வகுப்பைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஐஎஸ்ஓ 4049-உடன் ஐஎஸ்ஓ 7405, 10993 வரிசையின் உயிரிப் பொருத்தச் சோதனைகளும் தேவை. செல் நச்சுச் சோதனைக்கு இறுகிய வட்டை அனுப்பும்போது, எந்த விளக்கில் எத்தனை நொடி, மேற்படலம் துடைத்ததா இல்லையா என்று எழுதி அனுப்புங்கள். துடைக்காத வட்டு நல்ல பிசினையும் தோற்கடித்துவிடும். யூரித்தேன் வகையென்றால் எஞ்சிய தகரவினையூக்கியின் அளவையும் தனியே அளந்து கோப்பில் வையுங்கள். அந்தக் கேள்வி வராமல் இருக்காது.